அம்பாசிடர் என்ஜினை இறக்காமல் எதுவரை வேலை பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும்: "இதுக்கு என்ஜினை இறக்கணுமா?" அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

எந்த என்ஜினைச் சொல்றீங்க? என் வண்டி இசுசு, எனக்கும் பொருந்துமா?

இங்கே சொல்வதெல்லாம் 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு. உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-ன் அடியொற்றி வந்தது. அதில் நெடுங்காலம் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ஜின். எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களும் இதே குடும்பத்து என்ஜினில்தான் ஓடின. அதனால் அந்தக் கார்களின் பழைய பட்டறைக் கையேடுகள் நமக்கும் பாதிக்கு மேல் உதவும்.

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது, அங்கிருந்து புஷ் ராடு என்ற கம்பி வழியாக மேலே, வால்வை அமுக்கும் ராக்கருக்கு வேலை போகிறது. 90-களில் வந்த இசுசு 1800-ல் கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டில் உட்கார்ந்திருக்கும். சோதனை முறைகள் மட்டும் அதற்கும் பொருந்தும், கழற்றும் முறை பொருந்தாது.

இறக்காம என்னென்ன பண்ண முடியும், சுருக்கமா சொல்லுங்கண்ணே.

டேப்பெட் செட்டிங் (ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது), ஹெட் கழற்றி மாட்டுவது, வால்வ் வேலை, வாட்டர் பம்ப், டைமிங் செயின், முன்பக்க ஆயில் சீல், பக்கவாட்டு மூடிகள், டேப்பெட், ஆயில் சேம்பர் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), ஆயில் பம்ப், பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்), என்ஜின் மவுண்டிங். மனசு வைத்தால் பிஸ்டன் ரிங்கும் மாற்றலாம். அதில் மட்டும் எனக்குத் தனிக் கருத்து உண்டு, கீழே சொல்கிறேன்.

அப்போ எதுக்குத்தான் கட்டாயம் இறக்கணும்?

போர் அடிப்பது (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து அகலமாக்குவது), கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங், கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் வேலை, கேம் ஷாஃப்ட் புஷ், கிராங்கின் பின்பக்க ஆயில் கசிவு. கேம் புஷ்ஷை அடித்து ஏற்றினால் மட்டும் போதாது, மூன்றையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட்டு எடுக்க வேண்டும். அதைப் பான்னெட்டுக்குக் கீழே குனிந்து செய்ய முடியாது.

கை எட்டுகிறதா என்பதை வைத்து இந்தக் கோட்டைப் போடாதீர்கள். கை பல இடங்களுக்கு எட்டும். அங்கே அளவு எடுக்க முடியுமா, வேலை முடிந்ததும் சுத்தமாகத் துடைத்தெடுக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றுக்கு 'முடியாது' என்று பதில் வந்தாலும் இறக்கிவிடுவதுதான் மலிவு.

என்கிட்ட 12, 13, 14 ஸ்பேனர் செட் இருக்கு. போதாதா?

போதாது. இந்த என்ஜினில் அங்குல அளவு நட்டுகள்தான் பெரும்பாலும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. 13 ஸ்பேனர் உள்ளே போகும், பிடிப்பது போலவும் இருக்கும். துருப்பிடித்த நட்டில் அழுத்தினால் மூலை மழுங்கி வழுக்கும். 7/16, 1/2, 9/16 அளவுகளில் ஒரு ரிங் ஸ்பேனர் செட்டும் சாக்கெட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்சும் வேண்டும். கடன் வாங்கியாவது வையுங்கள்.

நீலப் புகை வருது. மெக்கானிக் உடனே "என்ஜினை இறக்கணும்"கிறார். நம்பலாமா?

புகை எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மேகம் போல வந்து நின்றுவிட்டாலோ, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தாலோ, சந்தேகம் வால்வ் கைடு மேலும் வால்வ் தண்டு ரப்பர் மேலும். அது ஹெட் வேலை. மேடு ஏறும்போது விடாமல் வந்து, ஆயில் ஊற்றும் வாயைத் திறந்தால் அங்கேயும் புகை குபுகுபு என்று வந்தால் ரிங்கும் போரும். வெள்ளைப் புகையும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதும் சேர்ந்து வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட் விரிசல். கறுப்புப் புகை வந்தால் என்ஜின் பக்கமே போகாதீர்கள், கார்புரேட்டரைப் பாருங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட் வீட்டிலேயே பண்ணலாமா? எவ்வளவு வரணும்?

தாராளமாக. என்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி முள் ஏறி நிற்கும்வரை செல்ஃப் அடியுங்கள். பேட்டரி தெம்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாவது சிலிண்டர் பாவம், காரணமில்லாமல் கெட்ட பெயர் வாங்கும்.

வரும் எண் பெரிதா சிறிதா என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமா என்று பாருங்கள். ஒன்று தனியாகக் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கும். இந்த கேஜ் விலைக்கு இவ்வளவு சொல்லும் கருவி வேறு இல்லை. இதைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

டேப்பெட் செட் பண்ண எந்த வால்வ் எப்போ மூடியிருக்குன்னு எப்படித் தெரியும்?

எட்டு வால்வ் இருக்கிறது அல்லவா, முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். ஒன்பதுக் கணக்கு போட்டால் போதும்: 8-வது வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐ செட் செய்யுங்கள், 6 திறந்திருந்தால் 3, 5 திறந்திருந்தால் 4. இரண்டும் கூட்டி எப்போதும் 9 வர வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் என்ஜின் லேசாகச் சுற்றும்.

பெரும்பாலான பி-சீரிஸ் கையேடுகளில் இடைவெளி 0.015 அங்குலம், பட்டறை மொழியில் பதினஞ்சு தவ். சூட்டிலா குளிரிலா என்பது கையேட்டுக்குக் கையேடு மாறும், உங்களுடையதில் பாருங்கள். ராக்கர் நுனி குழிந்திருந்தால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு குழியின் மேல் பாலம் கட்டிப் பொய் சொல்லும். அளவு சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்று வருபவர்களின் வண்டியில் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

டக் டக்னு ராக்கர் சத்தம். ராக்கர் ஷாஃப்டை மட்டும் கழற்றலாம்தானே? ஹெட்டைத் தொட வேணாமே?

இந்த என்ஜினில் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் அவிழ்த்தால் ஹெட் ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் நின்று வளையப் பார்க்கும், தண்ணீர் சிலிண்டருக்கும் ஆயிலுக்கும் இறங்கும்.

அதனால் முதலில் தண்ணீரை வடியுங்கள். ரேடியேட்டர் குழாய் மட்டும் போதாது, பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் உண்டு. அதில் துரு அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்துங்கள். அப்புறம் வெளியே உள்ள ஏழு ஹெட் நட்டுகளையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். திரும்ப இறுக்கும்போதும் எல்லாம் சேர்ந்தே, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. ஒருமுறை சூடேறி அமர்ந்த கேஸ்கட் இப்படித் தளர்த்தினால் பிறகு பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். புது கேஸ்கட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நட்டெல்லாம் எடுத்துட்டேன், ஹெட் அசையவே மாட்டேங்குது. உளி வச்சு நெம்பலாமா?

வேண்டவே வேண்டாம். உளி பட்ட இடத்தில் ஹெட்டின் முகம் கீறினால் லேத் பட்டறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பிளக்குகளைத் திரும்ப மாட்டி, ஹெட் நட்டுகளை ஓரிரு சுற்று மட்டும் பிடிக்க வைத்து, காயில் வயரை எடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். சிலிண்டருக்குள் ஏறும் காற்றழுத்தமே கேஸ்கட்டை விட வைக்கும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்டட்டுகளைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். தூக்கும்போது இரண்டு பேர் வேண்டும். வார்ப்பிரும்பு, ஃபெண்டர் மேல் குனிந்தபடி ஒருவர் தூக்கினால் நடுமுதுகு பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: தெர்மோஸ்டாட் மூடியின் மூன்று ஸ்டட்டும் தண்ணீரில் ஊறி ஊறித் துருவேறி இருக்கும். ஹெட்டை எடுப்பதற்கு அந்த மூடியைக் கழற்றத் தேவையில்லை. மேல் ஹோஸை அவிழ்த்தால் போதும். ஹெட் மேஜைக்கு வந்தபிறகு சூடு காட்டி நிதானமாகப் பாருங்கள்.

ஹெட்டைப் பட்டறைக்குக் கொடுக்கிறேன். என்ன பண்ணச் சொல்லணும்?

முதலில் விரிசல் சோதனை. பி-சீரிஸ் ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களின் புகை ஒரே வாசல் வழியாக வெளியே போகிறது. அந்த நடுப்பகுதிதான் ஹெட்டிலேயே அதிகம் வேகிற இடம், விரிசல் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். விரிசலைப் பார்க்காமல் ஃபேஸிங்குக்கும் (ஹெட்டின் முகத்தைச் சமமாகச் செதுக்குவதற்கும்) வால்வுக்கும் காசு கொடுத்தால் இரண்டும் வீண்.

அடுத்து எக்ஸாஸ்ட் வால்வ் சீட். இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. இந்த என்ஜின் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது சீட்டுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. இப்போது நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வ் உள்ளே இறங்கும், டேப்பெட் இடைவெளி தானாகக் குறையும். அடிக்கடி இறுகுகிற எக்ஸாஸ்ட் டேப்பெட்டுக்கு இதுதான் காரணம். கடினமான சீட் வளையம் நான்கு இறக்கச் சொல்லுங்கள். கைடு ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முகம் வளைந்திருந்தால் மட்டும் ஃபேஸிங். "சும்மா ஒரு கட் போடலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது.

ஹெட்டைக் கழற்றாமலே வால்வ் ரப்பர் மாத்துறாங்களாமே, கயிறு விட்டு?

உண்மைதான். அந்த சிலிண்டரின் பிஸ்டனைக் கீழே வைத்து, பிளக் துளை வழியாக மெத்தென்ற பருத்திக் கயிறை உள்ளே விட்டு, நுனி வெளியே தொங்க, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனைக் கையால் மெதுவாக ஏற்றினால் கயிறு சுருண்டு வால்வைக் கீழே விழாமல் தாங்கும். கம்ப்ரஸர் காற்று விட்டும் செய்யலாம். அப்படிச் செய்தால் வண்டியை டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் காற்று கிராங்கையே சுற்றிவிடும்.

வால்வ் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டுகளை எடுப்பதற்கு முன் புஷ் ராடு துளைகள் அத்தனையிலும் துணி அடையுங்கள். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பூட்டு ஒன்று துளைக்குள் விழுந்தால் நேராக டேப்பெட் அறைக்குப் போகும், அங்கிருந்து சேம்பருக்கும் போகலாம். ஆனால் இதற்கு ராக்கர் ஷாஃப்டை எடுக்க வேண்டும், அதற்கு முன்பு சொன்ன நட்டுக் கதை அப்படியே பொருந்தும். அவ்வளவு தூரம் வந்தபின் ஹெட்டையே எடுத்துக் கைடையும் பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம். ஒரு ஸ்பிரிங் மட்டும் உடைந்து வழியில் நின்றிருக்கிறீர்கள் என்றால் கயிறு நல்ல வழி.

பின்னாடி கிளட்ச் பக்கம் ஆயில் சொட்டுது. ரியர் சீல் மாத்த இறக்கணும்னாங்க.

மாற்றுவதற்கு அங்கே ரப்பர் சீலே கிடையாது. கிராங்கின் பின்பக்கத்தில் திருகு போல வெட்டிய பள்ளம் ஒன்று சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அதனால் பி-சீரிஸில் கொஞ்சம் ஈரம் இருப்பது இயல்பு.

இறக்குவதற்கு முன் ஒரு சோதனை. என்ஜினை மண்ணெண்ணெய் போட்டு நன்றாகக் கழுவிக் காயவிட்டு, பிளாக்கின் பின்பாதியில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ராக்கர் மூடியிலிருந்தோ மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு டேப்பெட் மூடிகளிலிருந்தோ கசிந்த ஆயில் பிளாக் ஓரமாகப் பின்னால் வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். பவுடரில் அதன் பாதை அப்படியே கோடாகத் தெரியும். உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் நல்ல இடத்திலும் கசியும். இவ்வளவுக்குப் பிறகும் கோடு எதுவும் இல்லாமல் பெல் ஹவுசிங் (கிளட்ச் உறை) அடியில் மட்டும் சொட்டினால்தான் பின்பக்கக் கசிவு.

டேப்பெட் மூடியை எடுத்திருக்கும்போது டேப்பெட்டுகளையும் பார்த்துவிடுங்கள். புஷ் ராடை எடுத்துவிட்டால் அந்த வழியாகவே வெளியே வரும். அடிமுகத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் இருந்தால் கேம் ஷாஃப்டும் தேய ஆரம்பித்திருக்கும்.

முன்னாடி செயின் சத்தம். பிரிக்காம தேய்மானம் தெரிஞ்சுக்க முடியுமா?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கிராங்க் புல்லியைக் கையால் ஒரு பக்கம் சுற்றி நிறுத்துங்கள். இப்போது எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். புல்லி எவ்வளவு நகர்ந்தபிறகு ரோட்டர் அசைகிறதோ அவ்வளவும் செயினிலும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரிலும் உள்ள ஆட்டம். கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ரேடியேட்டரை எடுத்தால் இடம் கிடைக்கும். புல்லியைப் பிடித்திருக்கும், ஹேண்டில் மாட்டுகிற அந்தப் பெரிய நட்டுதான் சண்டை போடும். பூட்டுத் தகட்டை மறக்காமல் நிமிர்த்திவிட்டு, கனமான ரிங் ஸ்பேனரைப் போட்டுச் சுத்தியலால் சுரீரென்று ஒரு அடி. செயின் ஓடும் இரு பல்சக்கரங்களின் புள்ளிகள் இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வைத்துத்தான் செயினை எடுங்கள், அப்படியே போடுங்கள். ஆயில் வீசும் தட்டில் எஃப் என்று பொறித்த பக்கம் முன்னால் வர வேண்டும். செயின் மூடியைப் போடும்போது புல்லியைச் சீலுக்குள் செருகி மையம் பார்த்த பிறகு போல்ட்டுகளை இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கிவிட்டால் புதுச் சீலும் கசியும்.

அடியில படுத்துக்கிட்டே பேரிங் மாத்த முடியுமா? ஆயில் பிரஷர் குறையுது.

பிக் எண்ட் மாற்றலாம். மெயின் பேரிங் முடியாது. எதில் சத்தம் என்பதை பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் சத்தம் அடங்கினால் அந்த சிலிண்டரின் பிக் எண்ட். எதை எடுத்தாலும் அடியிலிருந்து கனமான உறுமல் அப்படியே இருந்தால் மெயின். அப்போது படுக்கவே வேண்டாம், இறக்கிவிடுங்கள்.

சேம்பரை இறக்கும்போது எங்காவது இடித்தால் நெம்பாதீர்கள். மவுண்டிங் நட்டுகளைத் தளர்த்தி, என்ஜினைப் பலகை வைத்த ஜாக்கால் ஒரு விரல் அளவு தூக்குங்கள். ஃபேன் ரேடியேட்டரில் முட்டுகிறதா என்று மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வண்டி நிற்பது ஸ்டாண்டில், ஜாக்கில் அல்ல.

ஒரு நேரத்தில் ஒரு பிக் எண்ட் மூடி மட்டும். எந்த ராடு, எந்தப் பக்கம் என்று குறி வைத்துக் கழற்றுங்கள். ஷெல்லின் (பேரிங்கின் பாதி வளையத் தகடு) முதுகில் அளவு பொறித்திருக்கும்: 010 என்றால் கிராங்க் ஏற்கெனவே பத்து தவ் கிரைண்ட் ஆகியிருக்கிறது, புதிதும் அதே அளவில் வாங்க வேண்டும். கிராங்கின் முகத்தை மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். முட்டை வடிவமாக இருந்தாலோ நகத்தில் கீறல் பட்டாலோ புது ஷெல் வெகுநாள் தாங்காது. பூட்டு வாஷர்கள் கட்டாயம் புதிது. சேம்பர் இறங்கியிருக்கும்போதே ஆயில் பம்பையும் கழற்றி அளந்துவிடுங்கள். சூட்டில் ஐடிலிங்கில் 15 பி.எஸ்.ஐ., ஓடும்போது 50 பக்கம் என்றால் கவலை இல்லை. சேம்பரை மாட்டும்போது சிலிகான் பேஸ்ட்டைப் பிதுங்கப் பூசாதீர்கள், பிதுங்கியது உள்ளே உதிர்ந்து பம்பின் சல்லடையை அடைக்கும்.

ஹெட்டும் சேம்பரும் கழற்றியாச்சு. ரிங்கையும் அப்படியே மாத்திடலாமா சார்?

முடியும். பிஸ்டனும் ராடும் மேல்வழியாக வெளியே வரும். மாற்றுவது சரியா என்பதைப் போரை அளந்துதான் சொல்ல முடியும். போர் கேஜ் இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: புது ரிங் ஒன்றைப் பிஸ்டனால் தள்ளிப் போரின் அடியில், தேயாத பகுதியில் நேராக உட்கார வைத்து வாய் இடைவெளியை அளவெடுங்கள். பிறகு மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளவெடுங்கள். வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் போர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று கிடைக்கும். வித்தியாசம் 0.3 மி.மீ. என்றால் தேய்மானம் 0.1 பக்கம், ரிங் மட்டும் போட்டு ஓட்டலாம். 0.5 ஆனால் 0.16 வந்துவிட்டது. போர்தான், இறக்குங்கள்.

உச்சியில் நகம் தட்டும் விளிம்பை எடுக்காமல் புது ரிங் போட்டால் மேல் ரிங் அதில் இடித்து உடையும். எடுத்தால் அந்தப் பொடி, போரை உரசும் ஹோனிங் கல்லின் பொடி எல்லாம் கிராங்கின் மேல் விழும். கிரீஸ் தடவிய துணியைச் சுற்றி மூடலாம், ஆயில் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கலாம். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்கப் பொறுமை இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பு போக லேசாக உரசுவதற்கு மேல் வண்டியில் வைத்துச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹெட் மட்டும் புதுசு மாதிரி பண்ணினேன். இப்போ முன்னைவிட ஆயில் குடிக்குது. ஏமாத்திட்டாங்களா?

அப்படிச் சொல்ல முடியாது. வால்வ் நன்றாக அடைத்ததும் மேலே அழுத்தம் கூடுகிறது, அதுவரை ஒப்பேற்றிய பழைய ரிங்குகளால் அதைத் தாங்க முடிவதில்லை. இதனால்தான் ஹெட் கழற்றுவதற்கு முன்பே ஆயில் விட்டு கம்ப்ரஷன் பார்க்கச் சொன்னேன். அப்போது எண் நன்றாக ஏறியிருந்தால் ரிங்கும் பலவீனம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். இப்போதும் அதே சோதனையைச் செய்து, போரை அளந்து முடிவெடுங்கள்.

பார்ட்ஸ் வர லேட் ஆகுது. பாதியில அப்படியே விடலாமா?

போரில் கையால் ஆயில் தடவி, துணி அடைத்து, மேலே பாலித்தீன் கட்டிவிட்டால் சில வாரங்கள் தாங்கும். சென்னையில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் அடிக்கடி திறந்து மறுபடி ஆயில் தடவுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளையும் புதுப்பேட்டையையும் பிரிப்பதற்கு முன்பே ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது நல்லது. கேஸ்கட் செட், பூட்டு வாஷர், ரிங் அளவு மூன்றும் கைக்கு வந்தபிறகு ஸ்பேனரை எடுங்கள்.

கடைசியா, எல்லாம் மாட்டியாச்சு. முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன பார்க்கணும்?

பிளக்குகளைப் போடாமல், காயில் வயரையும் எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு அடியுங்கள், மோட்டார் சூடேறக் கூடாது. பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, ஃபேன் பக்கம் கையும் துண்டும் போகாமல், தண்ணீரையும் கசிவையும் பாருங்கள். நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தி முழுக்க ஆறவிடுங்கள். ஆறியதும் ஹெட் நட்டுகளைக் கையேட்டு வரிசையில், கையேட்டு அளவில் மறுபடி இறுக்குங்கள். ஹெட் அமுங்கினால் டேப்பெட் இடைவெளி மாறும், அதனால் எட்டையும் மீண்டும் ஒன்பதுக் கணக்கில் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஆயிலை மாற்றும்போது வடிந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பாகத் துகள் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், சேம்பரை மறுபடி இறக்குங்கள்.